உறையில் வந்த முதுகுவலி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவளுக்கு டிஸ்க் பிதுங்கியது. பழுப்பு உறைக்குள் இருந்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. இடுப்பில், நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே. வலி இடது காலில் இறங்கிப் பெருவிரல் வரை போகும். குனிந்தால் கூடும். உட்கார்ந்தாலும் தும்மினாலும் கூடும். அவள் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

சுற்றிலும் பதினொரு பேர் பாய்களில் உட்கார்ந்து தங்கள் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பவர்கள். உடலமைப்பும் காயங்களும் பற்றிய ஆறு வாரப் படிப்புக்கு வந்திருந்தார்கள். நீச்சல்குளத்திலும் வேலை பார்க்கும் நீச்சல் மாஸ்டருக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. மீசை வைத்த ஜிம்காரருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசை பிரிந்திருந்தது. அவர் எழுந்து, வேறு உறை கிடைக்குமா என்று கேட்டார். உடம்பு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்று பதில் வந்தது.

சொன்னவர் தலைமை ஆசிரியை. மாணவர்கள் அவருக்குத் தண்டுவடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் உத்தரவு இல்லாமல் கீழே ஒரு விரலும் அசையாது. அவருக்குப் பக்கத்தில் ஓர் எலும்புக்கூடு நின்றது. அதற்குப் பெயர் மாப்பிள்ளை. கேட்டால் பதில் சொல்லாது, உட்காரச் சொன்னால் உட்காராது, ஆனாலும் எல்லோரும் அதைச் சுற்றியே நிற்க வேண்டும்.

விதிகள் மூன்று. உறையில் இருக்கும் காயத்தை ஆறு வாரமும் இரவு பகல் சுமக்க வேண்டும், வீட்டிலும் வேலையிலும். உறையை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், தன்னைக் குணப்படுத்தப்போகிற சக மாணவரிடம் மட்டும் காட்டக் கூடாது. அவர்தான் கேட்டும் தொட்டும் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வாரம் ஒரு பக்கம் எழுதிக்கொடுப்பார். அந்தப் பக்கங்கள் சேர்ந்ததுதான் ஃபைல். ஃபைலில் குணமானவர்கள் மட்டும் தேர்வு எழுதலாம்.

அவளைக் குணப்படுத்த நீச்சல் மாஸ்டர் ஒதுக்கப்பட்டான். அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன். பயப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்றான். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையால் வணக்கம் வைத்தான்.

அவளுக்கு இந்தத் தேர்வு தேவைப்பட்டது. ஒன்பது வருடங்களாக ஒரு ஸ்டுடியோவில் காலை ஏழு மணி வகுப்பு எடுத்துவந்தாள். ஆறு பேர், ஆறும் கெட்டுப்போன முதுகுகள். எந்த முதுகு எந்தப் பக்கம் இழுக்கும், எது மழைக்கு முரண்டு பிடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சான்றிதழ் மட்டும் இல்லை. இன்னும் ஏழு வாரத்தில் வரும் முதல் தேதியிலிருந்து காயம்பட்டவர்களின் வகுப்பைச் சான்றிதழ் உள்ளவர்கள்தான் எடுக்கலாம் என்று முதலாளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். முதலாளியின் மச்சினியிடம் சான்றிதழ் இருந்தது. வகுப்புதான் இல்லை.

மாலையில் கணவன் வந்ததும் தாளைக் காட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். நின்றபடியே படித்தான்.

"நிஜமா வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப அந்த வாளியைத் தூக்கி உள்ள வை."

"தூக்கக் கூடாது."

அவன் தூக்கி வைத்தான். பகல் முழுவதும் லிஃப்ட் குழிக்குள் மடங்கிக் கிடந்து வந்தவன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, தனக்கும் ஓர் உறை வாங்கிவரச் சொன்னான்.

அவன் அதைத் தன் அம்மாவிடம் வேடிக்கையாகத்தான் சொன்னான். அம்மா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் பழங்களோடு வந்தார்கள். உட்கார்ந்தால் வலி கூடும் என்று தாளில் இருந்ததால் அவள் படுத்தபடியே வரவேற்றாள். உறையில் வந்த முதுகுவலி இது, உடம்பில் வந்ததல்ல என்று விளக்கினாள். கணவனின் சித்தப்பா முழுவதையும் கேட்டார். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை உறையில் போட்டுத்தான் தருகிறார்கள் என்றார். நாத்தனார் தனக்கு இரண்டு டிஸ்க் போயிருக்கிறது என்றும், ஒன்றுக்கே இப்படிப் படுத்தால் எப்படி என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

பயிற்சி நிலையத்திலிருந்து திடீர் திடீரென்று போன் வரும். அடுப்படியில் இருக்கும்போது ஒருமுறை வந்தது. எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நேராக என்றாள். எந்தக் காலில் எடை என்று கேட்டார்கள். வலது என்றாள். சரி என்று வைத்துவிட்டார்கள். அப்போதுதான் கவனித்தாள், நிஜமாகவே வலது காலில்தான் நின்றிருந்தாள்.

காலை வகுப்பை வாயாலேயே எடுத்தாள். செய்துகாட்டக் குனியக் கூடாது. ஆறு பேரும் முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவளும் பழகிவிட்டாள்.

முதல் மூன்று வாரம் மாஸ்டர் நன்றாகவே செய்தான். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலை மெல்ல உயர்த்தினான். முப்பது டிகிரியில் அவள் தாளில் இருந்தபடி முகத்தைச் சுளித்தாள். இடது கால் என்று மூன்று பக்கங்களிலும் எழுதினான். எழுதிய பக்கத்தை அன்றே அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். திரும்பப் பார்க்க முடியாது. அவனுடைய சொந்தத் தோள் மூன்றாவது வாரமே ஃபைலில் குணமாகிவிட்டது. அவனைக் குணப்படுத்தக் கிடைத்தவள் கெட்டிக்காரி. இப்போது அவன் இரண்டு கைகளாலும் வணக்கம் வைத்தான்.

நாலாவது வாரம் நிற்கவைத்துப் பார்க்க வேண்டிய முறை. அவன் அவளுக்கு எதிரே நின்றான். எந்தக் கால் என்று கேட்டான். இடது என்றாள்.

பிலாட்டீஸ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்புக்கு எதிரே நிற்கும்போது கண்ணாடியைப் போலப் பேசுவார்கள். தன் வலது கையைத் தூக்கிக்கொண்டு இடது கை என்பார்கள், பார்ப்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்க. வருடக்கணக்கில் செய்தால் அது நாக்கில் தங்கிவிடும். வீட்டில் உப்பு டப்பா இருக்கும் இடத்தைக்கூட எதிராளியின் பக்கத்திலிருந்துதான் சொல்வார்கள். மாஸ்டருக்கு அது தெரியும். அக்காவும் தன்னைப் போலத்தான், தனக்காக மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தான். மரியாதையாக அதை மறுபடி மாற்றி, வலது கால் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

தண்டுவடம் நாலு பக்கங்களையும் வரிசையாக வைத்துப் படித்தார். அன்று சாயங்காலமே போன் செய்தார். கையில் என்ன இருந்தாலும் கீழே வைக்கச் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காலும் போயிருக்கும்மா."

"மேடம், எனக்கு இடது கால் மட்டுந்தான். உறையில பாருங்க."

"உறை முதல் நாள் நிலவரம். நோய் அப்படியேவா நிக்கும்?"

பாடப்புத்தகத்தில் அது சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. அவளும் அடிக்கோடிட்டுப் படித்ததுதான். டிஸ்க் நோயாளிக்கு ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலுக்கும் வந்தால், முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தண்டுவடம் இந்தப் பத்தியை போனில் முழுவதும் வாசித்தார். அவள் குறுக்கிடவில்லை. பத்தியில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்கே வந்தான். தான் தப்பாக எழுதிவிட்டதாக ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறேன் என்றான். சிவப்புக் கட்டத்துக்குள் வந்துவிட்ட அறிகுறியைத் திருத்துவது, அறிகுறியை மறைப்பதாகும். மறைத்தவருக்கு நிலையத்தில் இடமில்லை. அது அவனுக்கும் தெரியும். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேனாவை எடுத்தான். அவள் பேனாவை வாங்கிக் கொடியில் தொங்கிய கணவனின் சட்டைப் பையில் செருகினாள். கடிதம் கொடுத்தாலும் ஃபைலில் தன் நரம்பு நிமிராது, அவன் படிப்புதான் போகும் என்றாள். மாஸ்டர் அவளை ஆஸ்பத்திரி வரை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். நாற்காலி நிலையத்தினுடையது. நடந்து போனால் ஃபைலில் சேராது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இரவு முழுவதும் விழித்திருந்தவர் போலிருந்தார். என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல டாக்டர்."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"ரெண்டு காலும் வலிக்குதுன்னு எழுதியிருக்கு."

டாக்டர் ஃபைலைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் படித்தார். அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று மாஸ்டரிடம் சொன்னார். பிறகு முழங்காலில் சுத்தியலால் தட்டினார், பாதத்தில் லேசாகக் கீறிப் பார்த்தார், பெருவிரலைத் தூக்கச் சொல்லி அழுத்தினார். நோய் எதுவும் இல்லை, உடற்பயிற்சி செய்யலாம் என்று எழுதி முத்திரை வைத்தார்.

குணமாகிவிட்டது என்று எழுத முடியுமா என்று அவள் கேட்டாள். அந்த ஒரு சொல் இருந்தால் முதல் தேதிக்குள் தேர்வு எழுதிவிடலாம்.

"இல்லாத நோய எப்படிம்மா குணமாக்கினேன்னு எழுதறது? நாளைக்கு யாராவது மருந்தோட பேரைக் கேப்பாங்க."

"இருந்துச்சுன்னு வச்சுக்கங்களேன்."

"இருந்துச்சுன்னா உங்களை இப்பவே ஆபரேஷனுக்கு அனுப்பணும்."

மாஸ்டர் நாற்காலியைத் திருப்பினான்.

தண்டுவடம் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நோய் இல்லை என்றால் கண்டுபிடிக்கப்படவில்லை என்று பொருள், போய்விட்டது என்று பொருளல்ல என்றார். ஆனால் உடற்பயிற்சி செய்யலாம் என்ற வரியை ஏற்றுக்கொண்டார். அதற்கு ஒரு வழி இருந்தது. சான்றிதழ் பெற்ற ஒருவரிடம், காயம்பட்டவர்களின் வகுப்பில், காயம்பட்டவராகப் பன்னிரண்டு வகுப்புகள். மாஸ்டர் கூடவே உட்கார்ந்து எழுத வேண்டும். பன்னிரண்டும் முடிந்தால் அவள் குணமானவள். அடுத்த மாதத் தேர்வை எழுதலாம், வகுப்பைத் திரும்பக் கேட்கலாம். அதுவரை அவள் யாருக்கும், எங்கேயும், எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒரு வார்த்தை சொன்னாலும் பதிவு ரத்து, நிரந்தரமாக. காயம்பட்டவர் காயம்பட்டவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அது படிப்பல்ல, தொற்று என்றார்.

முதல் தேதி வந்தது. ஊரில் காயம்பட்டவர்களின் வகுப்பு எடுத்த, இடம் காலியாக இருந்த ஒரே சான்றிதழ்காரர் முதலாளியின் மச்சினி. வகுப்பு காலை ஏழு மணிக்கு. அவள் தன் வகுப்பில் ஏழாவது முதுகாகச் சேர்ந்தாள்.

மச்சினி கெட்டவள் இல்லை. அவளை வாங்கக்கா என்றுதான் கூப்பிட்டாள். எல்லோருக்கும் புதுப் படிவம் கொடுத்து, அதை நிரப்பச் சொல்லி, அதைப் பார்த்தே பாடம் எடுத்தாள். படிவத்தில் இருக்கும் உடம்புக்கு அவள் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஸ்பிரிங் வைத்த ஏழு பயிற்சிக் கட்டில்கள். அவளுடையது நடுவில். மாஸ்டர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்துக்கொண்டான். முதல் வகுப்பில் மச்சினி சொன்னதை அவள் செய்தாள், வாயைத் திறக்கவில்லை. ஒருவர் ஊரில் இல்லை, மீதி ஐந்து பேரும் மச்சினியைப் பார்க்காமல் கடைக்கண்ணால் அவளைப் பார்த்துச் செய்தார்கள். ஒன்பது வருடத்துப் பழக்கம். மாஸ்டர் அதையும் எழுதினான். எழுதாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

தண்டுவடத்திடமிருந்து குறிப்பு வந்தது. சரியாகச் செய்துகாட்டுவதும் சொல்லிக்கொடுப்பதுதான். ஆகவே அவள் சற்றுத் தப்பாகச் செய்ய வேண்டும். இரண்டாவது வகுப்பில் இடுப்பை ஒரு பக்கம் தூக்கிவைத்துச் செய்தாள். ஐந்து இடுப்புகளும் ஒரு பக்கம் தூக்கின. மூன்றாவது வகுப்பில் அவளைக் கடைசிக் கட்டிலுக்கு மாற்றினார்கள். அங்கேயிருந்து பார்த்தால் முதுகுகள் மட்டும் தெரிந்தன. அவளுக்கு முகங்களைவிட அவைதான் அதிகம் பழக்கம்.

ஒவ்வொரு வகுப்பிலும் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. அந்த வலது தோளைக் காதிலிருந்து இறக்குங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதட்டில் புண் வந்தது. மாஸ்டர் அதை எழுதலாமா என்று கேட்டான், உறையில் இல்லை என்று அவள் சொன்னதும் விட்டுவிட்டான். இரவில் கணவன் எத்தனை ஆச்சு என்று கேட்பான். அவள் எண்ணைச் சொல்வாள். பதினொன்று என்று சொன்ன அன்று அவன், நாளையோட முடியுது, எழுந்திரிச்சு அந்த வாளியைத் தூக்கணும், ஆமா, என்றான்.

பன்னிரண்டாவது வகுப்புக்கு முன்வரிசையில் ஐந்து பேர் வந்து படுத்தார்கள். ஆறாவதாக, வகுப்பு தொடங்கிய பிறகு, தையல்கார அம்மா வந்தார். இத்தனை நாள் வெளியூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியவர். அறுபத்தெட்டு வயது. எலும்பு உள்ளுக்குள் மெலிந்துபோனவர். மூன்று வருடங்களுக்கு முன் தரையில் விழுந்த ஊசியை எடுக்கக் குனிந்து முதுகெலும்பு ஒன்று நசுங்கியவர். அப்படிப்பட்ட முதுகை வளைத்துச் சுருட்டக் கூடாது, அடுத்த எலும்பும் நசுங்கும். அவள் அவருக்கு முதுகை வளைக்கிற பயிற்சி ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

மச்சினி அவருக்குப் படிவம் கொடுத்தாள். இருபத்து நாலு கேள்விகள். தையல்கார அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. என் உடம்பு டீச்சருக்குத் தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றிலும் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தார், நேர்கோடாக, துணியில் தையல் போடுவதுபோல. மச்சினி படிவத்தைப் படித்தாள். எலும்புத் தேய்மானம், இல்லை. பழைய முறிவு, இல்லை. ரொம்ப ஆரோக்கியமா இருக்கீங்க என்று மகிழ்ந்தாள். காலியாக இருந்த ஒரே கட்டில் கடைசி வரிசையில் இருந்தது, அவளுக்குப் பக்கத்தில்.

அவள் பேசக் கூடாது என்பது மற்ற ஐந்து பேருக்கும் தெரியும். தையல்கார அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

முப்பது நிமிடம் கால் பயிற்சிகள் போயின. எதிலும் ஆபத்தில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினைந்து நிமிடம். மாஸ்டர் பன்னிரண்டாவது பக்கத்தில் பாதிக்கு மேல் எழுதியிருந்தான்.

மச்சினி எல்லோரையும் எழுந்து உட்காரச் சொன்னாள். டிஸ்க் உள்ள மூன்று பேரைச் சும்மா இருக்கச் சொன்னாள். அவளையும் சேர்த்து நாலு பேர். மற்ற மூன்று பேருக்கும் கடைசிப் பயிற்சி. கால்களை நீட்டி, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முதுகை ஒவ்வோர் எலும்பாக வளைத்து, கட்டிலின் கம்பியைப் பிடித்து, ஸ்பிரிங்குக்கு எதிராக முன்னால் தள்ள வேண்டும். பத்துத் தடவை. செய்துகாட்டினாள். அழகாகவே செய்தாள்.

தையல்கார அம்மா கால்களை நீட்டினார். கம்பியைப் பிடித்தார். முகவாயை இறக்கினார். சட்டைக்கு வெளியே பின்கழுத்து எலும்பு ஒன்று மேலெழும்பியது. அதற்குக் கீழே இரண்டாவது.

அவள் மச்சினியைப் பார்த்தாள். மச்சினி முன்வரிசையில் ஒருவரின் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். அவள் இருமினாள். மச்சினி திரும்பவில்லை. மாஸ்டர் இருமலை எழுதினான்.

கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தொடுவதும் சொல்லிக்கொடுப்பதுதான். பாடப்புத்தகத்தில் அதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. அவள் கை பாதி தூரம் போய் நின்றது. மாஸ்டர் தலை நிமிர்ந்தான். அவன் பேனாவும் நின்றது. அவன் முகத்தில், என்னைப் பார்க்க வைக்காதீர்கள் என்று இருந்தது.

மூன்றாவது எலும்பு தெரிந்தது. அங்கே தையல்கார அம்மா நின்றார். உடம்பு எதையோ ஞாபகம் வைத்திருந்தது போலிருந்தது. கம்பியை விடாமல், வளைந்தபடியே, தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். அறை முழுவதும் கேட்கும் குரலில் கேட்டார்.

"டீச்சர், முதுக வளைக்கவே கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பீங்களே. இப்ப வளைக்கலாமா?"